பல்லின் மேல் சத்தியம்

எங்கள் துறையில் அவரை எல்லோரும் ‘அப்படியே மேடம்’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக அல்ல. அந்தத் தைரியம் துறைத் தலைவருக்கே கிடையாது. பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையில் இருபத்திரண்டு வருஷமாக ஆராய்ச்சி முறை என்ற பாடத்தை நடத்துகிறவர். கைதி எதைச் சொன்னாலும் அப்படியே எழுது. இருமினால் இருமினார் என்று எழுது. பாதியில் நிறுத்தினால் எத்தனை நொடி நிறுத்தினார் என்று எழுது. அவர் பேச்சை நீ திருத்தினால் அது உன் பேச்சு, அதற்கு எதற்குச் சிறைவரைக்கும் போனாய், வீட்டிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கலாமே என்பார். மொத்தப் பாடமும் அவ்வளவுதான்.

நான் அவரிடம் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. காலடியில் ஒரு மிதிகட்டை இருக்கும். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். "தையல் மெஷினை இப்படி மிதிச்சிருந்தா வீட்டுக்கு நாலு சட்டையாவது தைச்சிருக்கலாம்" என்பாள் என் மனைவி. திருடர்களும் கொலைகாரர்களும் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. பெயரும் தெரியாது, எண்தான் தெரியும். எண்ணுக்கு உரிய பெயர் மேடத்தின் பீரோவில் பூட்டிய ஒரே நோட்டில் இருக்கும்.

ஒவ்வொரு பேட்டிக்கும் முன்னால் ஒப்புதல் படிவத்தை மேடம் வாய்விட்டு வாசிப்பார். பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது. "நீங்க சொன்னது புத்தகத்துல வரும். சொன்னது நீங்கதான்னு யாருக்கும் தெரியாது. இது என் பொறுப்பு." இதை மட்டும் நான் அறுபத்தொரு தடவை கேட்டிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

அறுபத்தொரு பேட்டி, எட்டு வருஷ உழைப்பு. சிறைக்குள் நோய் வந்தால் கைதிக்கு வைத்தியம் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அது அச்சாகிவிட்டால் மேடம் பேராசிரியர். ஆனால் சிறையில் அனுமதி கொடுத்தபோதே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் தாக்கல் செய்வதற்கு முன் ஒரு பிரதி சிறைக் கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பைண்டிங் பசைகூடக் காயாத அந்தப் பிரதியை உறையில் போட்டு ஆள் மூலம் அனுப்பினோம்.

பதினொரு மணிக்கு வகுப்பு. எங்கள் துறையில் இளம் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வேலையில் இருக்கும் போலீஸ்காரர்கள், சிறை வார்டர்கள், விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டம் வாங்க வந்தவர்களும் இருப்பார்கள். அன்றைய பாடம், பேட்டி கொடுத்தவரின் அடையாளத்தை மறைப்பது எப்படி என்பது. நான் புரொஜெக்டரை மாட்டிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

மேடத்துக்கு அன்று கொஞ்சம் கர்வம் இருந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பதினேழாம் எண் பேட்டியிலிருந்து வம்பில்லாத ஒரு பகுதியைத் திரையில் போட்டார். பெயர் இல்லை, வயது இல்லை, ஊர் இல்லை, வழக்கும் இல்லை.

"இதைப் படிச்சிட்டு ஆள் யாருன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்றார்.

திரையில் இருந்தது இதுதான்: ‘மூணு பேருக்கு ஒரு கம்பளிதான் வந்துச்சு. நடுவுல படுத்தவனுக்கு யோகம். பொய்யின்னா என் பல்லு கொட்டிப் போகட்டும்.’

கடைசி வரிசையில் ஒரு வார்டர் குபுக்கென்று சிரித்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். இது நம்ம பொக்கை ஆச்சே!"

"யாரு?"

"எங்க ஜெயில்லதான் இருக்கார். வாயத் திறந்தா பல்லு மேலதான் சத்தியம் பண்ணுவார். முன்னாடி ஒரு பல்லு கிடையாது. இன்னும் கொட்டறதுக்கு என்னய்யா பாக்கின்னு நாங்களே கிண்டல் பண்ணுவோம். கேட்டு வாசல்ல நிக்கிற நாய்க்குக்கூடத் தெரியும் மேடம்."

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த வரியைத் தட்டியவன் நான். பெயர்களை எடுத்தோம், ஊர்களை எடுத்தோம். பேச்சில் கை வைக்கக் கூடாது என்று அந்தச் சத்தியத்தை மட்டும் பொட்டு வைத்தது போல ஒவ்வொரு பத்தியிலும் விட்டுவைத்திருந்தோம். பதினேழாம் எண் பேட்டியில் அது பதினாலு இடத்தில் வருகிறது.

கம்பளி விஷயத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில் அதே மனிதர் வேறொன்றும் சொல்லியிருந்தார். சிறையின் சலவைக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூட்டிய அறைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கம்பியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார்கள். ‘நடிக்கிறான், படுக்கச் சொல்லு’ என்று காவலுக்கு இருந்தவர் சொல்லிவிட்டார். பூட்டைத் திறக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் உயிர் போய்விட்டது. பதிவேட்டில் பத்து நிமிஷத்தில் திறந்ததாக எழுதினார்கள். இதைச் சொல்லி முடித்து ஒன்பது நொடி பேசாமல் இருந்துவிட்டு, அதற்கும் பல்லின் மேல் சத்தியம் செய்திருந்தார்.

மேடம் வகுப்பைப் பாதியில் முடித்தார். அவர் சர்வீஸில் அது முதல் தடவை. அந்த வார்டரை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க ஆபீசுக்கு ஒரு உறை வந்தா முதல்ல யார் பிரிப்பாங்க?"

அவர் முகத்திலும் இப்போது சிரிப்பு இல்லை. "முன்னாடி மூணாவது கட்டடத்துல இருந்த பெரிய வார்டர் மேடம். முழங்கால் வலின்னு தபால் பிரிவுக்கு மாத்தி வாங்கிட்டார்."

மூன்றாவது கட்டடம். ஒலிப்பதிவில் பதினேழாம் எண் சொன்னபடி, அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே காவலுக்கு இருந்த பெரிய வார்டர் அவர்தான். அறிக்கையில் நாங்கள் ‘ஒரு காவலர்’ என்று போட்டிருந்தோம். சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் போகுமா?

"அவர் படிப்பாரா?"

"தபால் பிரிவுல வேற என்ன வேலை மேடம்? ஒரு வரி விடாமப் படிப்பார்." வாசல்வரை போனவர் திரும்பினார். "பொக்கைக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள்தான். நன்னடத்தைக்காக ரெண்டு வருஷம் கழிச்சிருக்காங்க. யாராவது ஒரு ரிப்போர்ட் எழுதினா போதும், அந்த ரெண்டு வருஷமும் திரும்ப ஏறிடும். நான் இங்க எதையும் கேக்கல மேடம். சொல்லவும் இல்ல."

மேடத்தின் கணவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். கூப்பிட்ட பத்தாம் நிமிஷம் பயிற்சிக் காரோடு வந்து நின்றார். அந்தக் காரில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு, வாத்தியாருக்காக. மேடம் அதில் உட்கார்ந்தார், நான் பின்னால். பதற்றத்தில் மேடம் காலை ஊன்ற ஊன்ற வண்டி நடு ரோட்டில் உதறி உதறி நின்றது. பின்னால் ஒரு லாரிக்காரர் எங்கள் பரம்பரையையே விசாரித்தார்.

"ஏம்மா, காலைத் தூக்கி மேல வச்சுக்கோ. போய்ச் சேர வேணாமா?"

"ஏங்க, கொஞ்சம் வேகமாத்தான் ஓட்டுங்களேன்."

"இது கத்துக்குடுக்கிற வண்டிம்மா. நாப்பதுக்கு மேல போகாதபடி நானே கட்டிவச்சிருக்கேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சைக்கிளில் போன ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார்.

சிறை வாசலில் செல்போனை வாங்கிக்கொண்டு, மணிக்கட்டில் முத்திரை குத்தி, சிறிய கதவு வழியாகக் குனிய வைத்து உள்ளே விட்டார்கள். தபால் பிரிவு இடது பக்க முதல் அறை. பெரிய வார்டர் ஒரு காலை ஸ்டூலில் நீட்டிப் போட்டுக்கொண்டு, மடியில் எங்கள் அறிக்கையை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பிரித்த உறை குப்பைக்கூடையில் கிடந்தது. விரலை எச்சிலில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். எந்தப் பக்கம் என்று என் கண் போனது. நூற்று நாற்பது. இன்னும் இருபத்து மூன்று பக்கம்தான்.

"வாங்க மேடம். நல்லா எழுதியிருக்கீங்க. கதை மாதிரி ஓடுது."

"அதைக் கொஞ்சம் கொடுங்க. ஒரு திருத்தம் இருக்கு."

"முத்திரை போட்டு வாங்கியாச்சே. ஐயா சொல்லாம நான் தரக் கூடாது." எழுந்து, கட்டைவிரலைப் பக்கத்துக்குள் அடையாளமாக வைத்தபடியே, விந்தி விந்தி முன்னால் நடந்தார். கண்காணிப்பாளர் அறையில் நாங்கள் உட்கார்ந்தோம். அவர் எங்களுக்குப் பின்னாலேயே நின்றார்.

கண்காணிப்பாளர் நல்ல மாதிரி. அதுதான் வினை. "இதுக்கு ஏன் மேடம் இவ்வளவு தூரம் வந்தீங்க? எந்தப் பக்கம்னு சொல்லுங்க, அதை மட்டும் கிழிச்சுத் தர்றேன். சரியா அடிச்சு அனுப்புங்க, ஒட்டிக்கலாம்."

எந்தப் பக்கம்? சொன்னால் பெரிய வார்டர் முதலில் அதைத்தான் படிப்பார். வேறு பக்கம் ஒன்றைச் சொன்னால் மீதி அவர் கையிலேயே இருக்கும். சொல்லாமல் எழுந்து வந்தாலும் இன்னும் அரைமணியில் அவரே அங்கே போய்ச் சேருவார். தும்பை விட்டு வாலைப் பிடிக்க வந்த நாங்கள் இரண்டு பேரும் அந்த மேஜைக்கு முன்னால் வகையாக மாட்டிக்கொண்டிருந்தோம். முதுகுக்குப் பின்னால் ஒரு தாள் புரளும் சத்தம் கேட்டது. ஆமாம், நின்றுகொண்டே படிக்கிறார்.

"எல்லாப் பக்கமும் சார்" என்றார் மேடம்.

"என்னது?"

"மொத்தமுமே தப்பு. இது வெளியே போகக் கூடாது. எனக்குத் திரும்ப வேணும், இப்பவே."

"அறுபத்தோரு பேரும் தப்பாவா சொன்னாங்க?"

"ஆமாம் சார்."

பதினொரு வருஷத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அது அவருக்குச் சரியாக வரவும் இல்லை. கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதைப் பார்த்தேன். "நான் அப்பவே நெனச்சேன் மேடம். இவனுங்க விடாத கதையா? நீங்க பாவம், படிச்சவங்க, நம்பிட்டீங்க." ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "சும்மா வாயால சொன்னா எனக்குத்தான் சிக்கல். எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

அவர் சொல்லச் சொல்ல மேடம் எழுதினார். கைதிகள் கூறியவை உண்மையல்ல என்று தெரியவந்ததால் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. வேண்டாம் மேடம் என்று கத்தத் தோன்றியது. ஆனால் கத்தினால் அந்த ஆளுக்கு இரண்டு வருஷம். கையெழுத்துப் போட்டு முடித்ததும் பெரிய வார்டர் மனசே இல்லாமல் கட்டைவிரலை உருவினார். நூற்று ஐம்பத்தொன்று.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது. கண்காணிப்பாளர் அந்தக் கடிதத்தின் நகலைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பிவைத்தார். விசாரணைக் குழு உட்கார்ந்தது. என்ன தப்பு, எங்கே தப்பு என்று கேட்டதற்கெல்லாம் மேடம், "ஒரு நாற்பது நாள் கழிச்சுச் சொல்றேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். யார் காத்திருப்பார்கள்? பேராசிரியர் பதவி அவரைவிட எட்டு வருஷம் இளையவருக்குப் போயிற்று. ஆராய்ச்சி முறைப் பாடத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் ‘அப்படியே மேடம்’ என்பதை ‘அப்படியா மேடம்?’ என்று மாற்றிக்கொண்டார்கள். மாற்றிய புண்ணியவான் என் கையில் கிடைத்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

மேடம் மட்டும் சுவரில் இருந்த காலண்டரில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தார். முகம் வாடியிருந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு கட்டத்தை அடிக்கும்போதும் கொஞ்சம் தெளியும். முப்பத்தெட்டாவது நாள் அந்த வார்டர் வகுப்புக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்து, "காலையில வெளிய அனுப்பிட்டாங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று மேடம் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். "இனிமே விசாரணைக் குழுகிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம் தம்பி" என்றார். எனக்கும் மூச்சு வந்தது.

அதற்கு மூன்றாம் நாள் வாசலில் யாரோ கேட்டார்கள். "அந்த வாத்தியாரம்மா இருக்காங்களா?"

முகத்தைப் பார்க்கவே தேவையில்லை. எத்தனை மணி நேரம் என் காதுக்குள் இருந்த குரல்! காற்றுப் புகுந்த அந்த ‘ச’, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் அந்த நிறுத்தம். சொந்த அண்ணன் வந்தது போலக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு நான் யாரென்று தெரியாது, மிரண்டுபோய் வந்தார். இஸ்திரி போட்ட பழைய சட்டை. கையில் ஒரு துணிப்பை.

"வாங்கண்ணே, உட்காருங்க" என்று மேடம் எழுந்தே விட்டார்.

அவர் உட்காரவில்லை. "அம்மா, நாங்க சொன்னதெல்லாம் புளுகுன்னு ஒரு லெட்டர அறிவிப்புப் பலகையில ஒட்டியிருந்தாங்க. பெரிய வார்டர் தினம் அதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவார். அது உங்க கையெழுத்துதானா?"

"என்னோடதுதான்" என்றார் மேடம். பிறகு நடந்த எல்லாவற்றையும் சொன்னார். வகுப்பு, சிரிப்பு, கார், பக்கம், கட்டைவிரல் எல்லாம். எதையும் விடவில்லை, தன் தப்பு எது என்பதையும் சேர்த்து. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டு வருஷம் ஏறிடக் கூடாதுன்னு செஞ்சிருக்கீங்க."

"ஆமாண்ணே."

"நல்ல மனசு. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. அதே ஜெயிலுக்குள்ளதானே இருந்தேன், அம்பது அடி தூரத்துல." அவர் குரல் உயரவே இல்லை. "பேசறதுக்கு முன்னாடி அவ்வளவு தடவ கேட்டீங்க. சம்மதமா, சம்மதமான்னு. அழிக்கிறதுக்கு முன்னாடி கேக்கலையே."

பதினொரு வருஷத்தில் இந்தக் கேள்வி எனக்கும் ஒருநாள்கூடத் தோன்றியதில்லை.

"கேட்டிருந்தா இருக்கட்டும்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கு வெளிய யாரு இருக்கா, ரெண்டு வருஷம் முன்னப் பின்ன ஆனா என்ன? செத்தவனுக்குப் பொண்டாட்டி இருக்கு. புருஷன் எப்படிச் செத்தான்னு அது மனு மேல மனு போடுது. புஸ்தகம் வரட்டும் தங்கச்சி, படிச்சவங்க எழுதினா யாரும் தட்ட முடியாதுன்னு நான்தான் சொல்லியனுப்பிச்சேன்."

"அவங்ககிட்ட நானே வந்து சொல்றேண்ணே" என்று மேடம் பையை எடுத்தார். "என் வாயால சொல்றேன். எழுதியும் தர்றேன். நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்னு சொல்றேன்."

"அந்தத் தங்கச்சி இனிமே நம்பாதும்மா. போன வாரம் அது மனுவுக்குப் பதில் வந்துச்சு. உங்க லெட்டரத்தான் நகல் எடுத்து வச்சு அனுப்பியிருக்காங்க."

மேடம் பையைப் பிடித்தபடி நின்றார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. துடைக்கக்கூட இல்லை.

"நம்ப வேணாம்ணே" என்றார் கடைசியில். "திட்டுவாங்க இல்ல? திட்டட்டும். வீடு எங்கன்னு காட்டுங்க."

அவர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு பஸ் மாறணும்மா" என்றார்.